தட்டிப் பார்த்த வீடு

கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
கோழி லாரியை நிறுத்தினார்கள்,
செலினின் ஸ்கூட்டரை விட்டுவிட்டார்கள்.
அவள் பையில் ஈரமானி, ரசமட்டம், டார்ச்,
சின்னதாக ஒரு சுத்தியல்,
நீலச் சாக்கட்டி.
கால் வைக்கும் இடத்தில் மடக்கு ஏணி.

கொழிஞ்சாம்பாறை வந்து இறங்கியதும்
"பத்திரம் பார்த்தாச்சா?" என்றாள்.
தரகர் வேலப்பன் குறுக்கே விழுந்தார்:
"இங்க அதுக்கு ஆதாரம்னு பேரு."
பொள்ளாச்சியில் பத்திரம், இங்கே ஆதாரம்.
எந்தப் பெயர் வைத்தாலும்
என்னிடம் இருந்தது மங்கிய நகல்,
கூடவே பதினொரு வருட மஸ்கட் சம்பளம்.

"ஒம்பதாயிரமா? செவுத்தத் தட்டுறதுக்கா?"
வேலப்பன் மூன்று முறை கேட்டார்,
மூன்றாவது முறை
வீட்டுக்காரர் சிக்கந்தர் ராவுத்தர் காதுபட.

வீடு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
எழுபது வருட ஓட்டு வீடு.
ஓட்டுக்கு அடியில் வெள்ளை ஜிப்சம் சீலிங்,
அதில் வட்ட விளக்கு பதினாறு.
முகம் பார்க்கலாம் போலத் தரை.
சமையலறை முழுக்கப் பிஸ்தாப் பச்சை.
அந்தப் பச்சையில்தான் விழுந்தேன்;
மனதுக்குள் பால் காய்ச்சிப்
பொங்கவும் விட்டிருந்தேன்.

செலின் பச்சையைப் பார்க்கவில்லை.
மண்டியிட்டு, சுத்தியல் காம்பால்
டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.
டிக். டிக். டிக்.
டொக்.

எனக்குத் தெரியும் அந்த டொக்.
நுரையீரல் வார்டில், நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்தவரை
உட்காரவைத்து டாக்டர் முதுகைத் தட்டும்போது கேட்கும்.
அந்த ஆள் சில சமயம் சிரித்துக்கொண்டுகூட இருப்பார்.
ட்யூப் ட்ரே எடுக்க
நான் அதற்குள் நடக்கத் தொடங்கியிருப்பேன்.

"அடியில் காற்று" என்றேன்.
செலின் நிமிர்ந்து பார்த்தாள்.
"அடியில சிமென்ட் இல்ல.
நீங்க சொல்றதும் அதேதான்."

பிறகு வேகம் பிடித்தது.
மேற்குச் சுவரில் ஈரமானி கீச்சிட்டது,
மேலே புட்டி வாசனைகூட இன்னும் போகவில்லை.
ஜன்னல் மூலையில் கிளம்பிய விரிசல்
அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது.
எல்லாவற்றுக்கும் நீல வட்டம், நீல எண்.

கணவாய்க் காற்று வீசும்போதெல்லாம்
சீலிங்குக்கு மேலே எதுவோ நெறித்தது.
ஒரு வட்ட விளக்கைக் கழற்றி
அந்த ஓட்டையில் போனை நுழைத்துப் படமெடுத்தாள்.
பனங்கைகள். இரண்டில் கரையான் மண்.
ஒன்றைக் கம்பியால் இழுத்துக் கட்டி முறுக்கியிருந்தார்கள்,
ஆப்புக்குப் பதில்
ஒரு பல் துலக்கும் பிரஷ்.

ராவுத்தர் போனை வாங்கிப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
"இதுக்கு அடியிலதான் நாலு வருசமாப் படுத்திருக்கேன்."

அவரும் இந்தச் சீலிங்கோடுதான் வாங்கினாராம்.
அப்போதும் தரகர் வேலப்பன்தான்.
வேலப்பன் வாசலுக்குப் போய்ப்
போனில் மலையாளம் பேசத் தொடங்கினார்.
போன் அடிக்கவே இல்லை.

நான்கு லட்சம் குறைக்கச் சொல்லலாமா,
விட்டுவிடலாமா என்று செலினைக் கேட்டேன்.
"தட்டுற வரைக்கும்தான் அக்கா என் வேலை."
நாளை அறிக்கை வரும்.
அதன் கடைசியில் எப்போதும் ஒரு வரி இருக்குமாம்:
பார்க்க முடியாத இடங்களைப் பற்றி
எதுவும் சொல்வதற்கில்லை.

ராவுத்தர் விலை பேசவில்லை.
டீ வரவழைத்தார்.
நான் அந்தப் பச்சையைப் பார்க்காமல் குடித்தேன்,
பாதி வரைக்கும்.

கிளம்பும்போது அவர் செலினை நிறுத்தினார்.
சித்தூரில் மகள் ஒரு வீடு பார்த்திருக்கிறாள்,
பழையதுதான், புதுசாக்கியது.
பேப்பர் தேடினார், கிடைக்கவில்லை.
ஜன்னல் கட்டையில் கிடந்த நீலச் சாக்கட்டியை எடுத்து
விலைக்கு வைத்திருக்கும் வீட்டின் சுவரிலேயே,
ஏழாம் எண் விரிசலுக்குப் பக்கத்தில்,
அவள் நம்பரை எழுதினார்,
பெரிது பெரிதாக,
கடைசி இலக்கத்தை
இரண்டு தடவை கேட்டு.